மின்சூளையின் வெப்ப ஆளி எப்படி வேலை செய்கிறது?

வெள்ளவத்தையில் மட்பாண்டம் வனையும் நண்பர் ஒருவரின் சிறிய மின்சூளையில், சூட்டைக் கட்டுப்படுத்தும் ஆளியின் குமிழைக் குறைந்த நிலையில் வைத்திருந்தும், ஈரம் முழுதாகக் காயாத மூன்று குவளைகள் ஒரு மாலையில் வெடித்துச் சிதறின. 100 பாகையை நெருங்கும்போது மண்ணுக்குள் எஞ்சியிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுவதற்கு அவகாசம் வேண்டும்; அந்த அவகாசத்தைத் தரவேண்டிய ஆளி பழுதாகியிருந்தது.

இவ்வகை ஆளி மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை. உள்ளே ஓர் ஈருலோகத் தகடும் (சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு) அதை ஒட்டி ஒரு சிறு சூடாக்கியும் இருக்கின்றன. சூளைக் கம்பிகளுக்கு மின்சாரம் போகும்போது இந்தச் சூடாக்கியும் சுடுகிறது; சூட்டில் தகடு வளைந்து, மின்சாரம் கடந்துபோகும் தொடுகையைப் பிரிக்கிறது, ஆறியதும் மறுபடி சேர்க்கிறது. குமிழைத் திருப்பும்போது தகட்டின் மீதுள்ள அழுத்தமே மாறுகிறது. ஆகவே குறைந்த நிலை என்பது மெல்லிய சூடு அன்று. சிறிது நேரம் முழுச்சூடு, பிறகு நீண்ட ஓய்வு. காதைக் கொடுத்தால் 'டிக்' என்று கேட்கும். நண்பரின் ஆளியில் அது கேட்கவில்லை. பலகாலம் பொறி பறந்து பறந்து, தொடுகை முனைகள் உருகி ஒட்டிப்போயிருந்தன.

மாற்று ஆளி வாங்கும்போது வோல்ற்றளவை முதலில் பார்க்கவேண்டும். 120 வோல்ற்று ஆளியை நமது 230 வோல்ற்றில் பொருத்தினால், உள்ளிருக்கும் சூடாக்கி மூன்றரை மடங்குக்கு மேல் சுட்டு, தொடுகையை முன்கூட்டியே பிரித்து, விரைவில் கருகியும் விடும். அடுத்தது அம்பியர். புறக்கோட்டையில் மின்அடுப்புக்கு விற்கப்படும் ஆளியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் அது 13 அம்பியருக்கு உரியதாயின், 3.6 கிலோவாற்றுக் கம்பித் தொகுதி இழுக்கும் 15.7 அம்பியரை நெடுநேரம் தாங்காது. குமிழ் பழைய தண்டில் பொருந்துமா என்பது சில்லறை விஷயம். புதுக் குமிழ் வாங்கிவிடலாம்.

கழற்றுமுன் சூளைக்குரிய பிரதான ஆளியை நிறுத்தி, மின் இல்லை என்பதை வோல்ற்றுமானியால் உறுதிசெய்யவேண்டும். தொடுகை ஒட்டியிருந்தால், குமிழ் 'நிறுத்தம்' காட்டினாலும் உள்ளே மின் இருக்கக்கூடும். எந்தக் கம்பி எந்த முனையில் என்பதைப் படமெடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் முனைகளின் வரிசை எல்லா ஆளிகளிலும் ஒன்றன்று.

என் அனுபவத்தில், பலர் கவனிக்காமல் விடுவது கம்பி முனைகளில் உள்ள தட்டையான செருகிகளைத்தான். தளர்ந்த செருகியில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், அந்தச் சூடு புதிய ஆளியையும் தின்றுவிடும். கறுத்த செருகியை மறுபடி மாட்டாமல், செம்பு பளிச்சென்று தெரியும்வரை கம்பியை வெட்டி, வெப்பம் தாங்கும் புதுச் செருகியை இறுக்கவேண்டும். நண்பரின் சூளையில் அதற்கு இரண்டு அங்குலக் கம்பி போயிற்று.