எண்ணெயே தொடாதவருக்கு எல்டிஎல் 262

"எண்ணெயே தொடுறதில்லை டாக்டர், முட்டைகூடக் கிடையாது, அப்புறம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தார். வயது 34, ஒல்லியான உடம்பு, 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படும் எல்டிஎல் 262. கொழுப்பு என்றாலே பஜ்ஜி, போண்டா, தொப்பை என்று பழகிவிட்டதால் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் முதலில் லேப்பைத்தான் சந்தேகப்படுகிறோம். இவர் ஏற்கெனவே இரண்டு லேப்பில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். கயிறு மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டிய இடம் தடித்து, நடுவில் முடிச்சு விழுந்தது போல இருந்தது. பல வருடங்களாகக் கொழுப்பு அங்கே படிந்திருக்கிறது. அப்பாவைப் பற்றிக் கேட்டேன். 46 வயதில் மாரடைப்பு, தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

இது சாப்பாட்டுக் கோளாறு இல்லை. நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களை அள்ளி உள்ளே போடுவது செல் சவ்வில் பதிந்திருக்கும் எல்டிஎல் ரிசப்டர் என்ற புரதம். கல்லீரலில்தான் இதற்கு அதிக வேலை. கிணற்று வாளி மாதிரி, துகளைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் இறங்கும், அங்கே கழற்றி விட்டுவிட்டு வெறும் வாளியாக மேலே வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். அமெரிக்காவின் டல்லாஸில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் இதைக் கண்டுபிடித்தார்கள், 1985இல் நோபல் கிடைத்தது.

எத்தனை வாளி வேண்டும் என்று முடிவு செய்வதும் ஒரு சவ்வுப் புரதம்தான், பெயர் ஸ்கேப். செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற பின்னலின் சவ்வில் உட்கார்ந்து அங்குள்ள கொலஸ்ட்ராலை அளந்துகொண்டே இருக்கும். அந்தச் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் கொலஸ்ட்ரால் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினால் இடத்தைவிட்டு நகராது. குறைந்தால், தன்னோடு ஒட்டியிருக்கும் இன்னொரு புரதத்தை, செல்லின் இன்னொரு பகுதியான கால்ஜிக்குக் கூட்டிப் போகும். அங்கே அது வெட்டப்பட்டு, வெட்டிய துண்டு உட்கருவுக்குள் போய் 'வாளியைக் கூட்டு, கொலஸ்ட்ராலையும் தயாரி' என்று உத்தரவு போடும்.

கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பைக் கரைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது தயாரிப்பைத் தடுக்கிறது, செல்லுக்குத் தட்டுப்பாடு வருகிறது, உடனே ஸ்கேப் கிளம்பி வாளிகளைக் கூட்ட வைக்கிறது, ரத்தத்தில் எல்டிஎல் குறைகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய கதைதான். "நார்மல் வந்திருச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று மாதம் நாலு பேராவது என்னிடம் சொல்கிறார்கள், இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

டோஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். அதற்கு ஒரு காரணம், அதே உத்தரவில் வாளிகளை உடைக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதமும் சேர்ந்து தயாராகிறது. அதைத் தடுக்கும் ஊசிகள் 2015இல் வந்தன, விலைதான் கையைக் கடிக்கும்.

சரி, நம்மவருக்கு வருவோம். பெற்றோர் ஒருவரிடமிருந்து பழுதான ரிசப்டர் ஜீன் வந்திருக்கிறது, அதனால் நல்ல வாளிகள் பாதிதான். இது அபூர்வமும் இல்லை, உலக அளவில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு உண்டு. இரண்டு பக்கமும் பழுது என்றால் சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும். 1984இல் பிட்ஸ்பர்க்கில் அப்படிப்பட்ட 6 வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள், ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் புதுக் கல்லீரலின் ரிசப்டர்களால் 300க்குக் கீழே இறங்கியது.

ஆகவே எல்டிஎல் 190க்கு மேல் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தாலோ, உடல்வாகைப் பார்க்காமல் கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் ரத்தம் எடுங்கள். பிள்ளைகளுக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

அவருடைய அக்காவுக்கு 238, அவரும் ஒல்லிதான். நம்மவரின் 9 வயதுப் பையனுக்கு வரும் சனிக்கிழமை எடுக்கிறார்கள்.