சொல் விளக்கம்: குடி பெயராத ‘குடிபெயர்வு’

‘மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் கரும்புவெட்டுத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் குடிபெயர்கிறார்கள்.’ இந்த மாதிரி வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? போன வருஷம் குடிபெயர்ந்து போய்விட்டவர், இந்த வருஷம் அதே ஊரிலிருந்து மறுபடி எப்படிக் குடிபெயர்வார்?

வேரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். குடிபெயர்வு என்று தமிழாக்கப்படும் ‘மைக்ரேஷன்’ லத்தீன் வழி வந்தது. ஓரிடம் விட்டு வேறிடம் போதல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆள், பறவை, கணினித் தரவு எல்லாவற்றுக்கும் செல்லும். தமிழில் ‘பெயர்தல்’ அதற்கு நேர் இணை. வம்பெல்லாம் அதற்கு முன்னால் எதை ஒட்டுவது என்பதில்தான்: இடமா, புலமா, குடியா?

குடி என்பது ஆள் அல்ல. குடும்பம், மரபு, மனை எல்லாம் சேர்ந்தது குடி. குடித்தனம், குடியிருப்பு, குடிவாரம் என்று எதை எடுத்தாலும் ஓர் இடத்தில் ஊன்றி இருத்தல் அதில் உண்டு. வீட்டைக் காலி செய்து, சட்டிபானையோடு வேறு ஊரில் போய் ஊன்றினால் அது குடிபெயர்வு. அந்தச் சொல்லில் குற்றமில்லை, போட்ட இடத்தில்தான் குற்றம்.

பீட் மாவட்டத்தையே பாருங்கள். அது இருக்கும் மராத்வாடா மழைமறைவுப் பகுதி. பெரும்பாலும் மானாவாரி, சோயாவும் பருத்தியும் எடுத்தபின் அடுத்த ஜூன் வரை நிலத்தில் வேலை இல்லை. மேற்கு மகாராஷ்டிரத்தில் பாசனமும் சர்க்கரை ஆலைகளும் இருக்கின்றன. அரவைப் பருவம் அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடியும். அதற்கு முன்பே ‘முகாதம்’ எனப்படும் ஆள்பிடி மேஸ்திரி ‘உச்சல்’ என்ற முன்பணத்தைக் கொடுத்துவிடுவார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கோய்தா’. கோய்தா என்றால் வெட்டரிவாள். இரண்டு ஆளுக்கு ஒரே கணக்கு. டன் கணக்கில் கூலி, முன்பணம் அதில் கழியும். கழியாத மீதி அடுத்த பருவத்துக்குக் கடனாகத் தொடரும். வெட்டிய கரும்பு கிடந்தால் சர்க்கரைச் சத்து இறங்கும். ராத்திரி லாரி வந்தாலும் ஏற்ற ஆள் வேண்டும். வயலோரக் குடிசையில் கிடக்கும் வெளியூர் ஆள் ஆலைக்குத் தோதாக இருப்பது இதனால்தான். உள்ளூர்க்காரர் பொழுதுசாய வீட்டுக்குப் போய்விடுவாரே.

இதில் எங்கே குடி பெயர்ந்தது? நிலம், ஓட்டு, மகளுக்குப் பேசிய சம்பந்தம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர்கள் எல்லாம் ஊரில்தான். அந்தக் குடியை ஊரிலேயே நிறுத்திவைக்கத்தான் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் போகிறார். 1985-இல் ஸ்டார்க், புளூம் என்ற பொருளியலாளர்கள் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: போவது தனி ஆளின் முடிவல்ல, மழை பொய்த்தாலும் பிழைக்க வேண்டும் என்று குடும்பம் சேர்ந்து எடுக்கும் முடிவு. ‘குடிபெயர்வு’ என்று எழுதினால் காரணமே தலைகீழாகிவிடுகிறது.

அப்படியானால் ‘இடம்பெயர்வு’ போதாதா என்பார்கள். போதாது. போர், வெள்ளம், அணை என்று துரத்தப்பட்டவர்களுக்கு அந்தச் சொல் ஊன்றிவிட்டது. இலங்கைத் தமிழில் இடம்பெயர்ந்தோர் வேறு, புலம்பெயர்ந்தோர் வேறு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான தொழிலாளர் சட்டத்தில், ஊர்விட்டு வருவதற்கென்றே ஒரு படி இருந்தது: மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது கூடுதலோ அது. அதை ‘இடப்பெயர்வுப் படி’ என்று எழுதிவிட்டு, தொழிலாளரையும் ‘இடம்பெயர் தொழிலாளர்’ என்றால் மூலத்தில் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’, ‘மைக்ரண்ட்’ என்று இரண்டாக இருப்பது தமிழில் ஒன்றாகிவிடும்.

ஆக, மாநிலம் விட்டு மாநிலம், வட்டாரம் விட்டு வட்டாரம் பிழைக்கப் போவோருக்குப் ‘புலம்பெயர்வு’தான் பொருந்தும். கடல் தாண்டினால்தான் புலம்பெயர்வு என்பது இன்றைய பழக்கமே தவிர இலக்கணம் அல்ல. புலம் என்றால் நிலப்பகுதி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்த பலமொழி மக்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. திருப்பூரில் இன்று ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

‘வலசை’ என்று கவிதையாக எழுதுவோரும் உண்டு. குத்துக்கல்வலசை, பிரப்பன்வலசை என்று ஊர்ப்பெயர்களிலேயே இருப்பதால் மனிதருக்கு அந்நியமான சொல்லல்ல. ஆனால் இன்று கேட்பவருக்கு யானையும் நாரையும்தான் நினைவுக்கு வரும். கூலிக்கடனில் போகிறவரைப் பறவையாக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம் கணக்கெடுப்பில். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 45 கோடிப் பேருக்கு மேல் ஊர் மாறியவர்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் கல்யாணத்தால் மாறியவர்கள், பெரும்பாலும் பெண்கள். பவானியிலிருந்து ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவரையும் ‘புலம்பெயர்ந்தவர்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். அந்தத் தொகைக்கு ‘ஊர் மாறியோர்’ போதும். மறுபுறம், ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும் கரும்புவெட்டிகள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் விழுவதே இல்லை. அவர்களைப் பிடிக்க 2007-08 தேசிய மாதிரி ஆய்வு தனி வரையறை வைத்தது: வேலைக்காக ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வெளியே தங்கியவர்.

இந்தப் போய்த் திரும்பும் வகைக்கான ‘சர்க்குலர் மைக்ரேஷன்’ என்ற சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் ‘வட்டப் புலம்பெயர்வு’ ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் வட்டம் என்றால் தாசில்தார் ஆபீஸ். பெருந்துறை வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். ‘போய்வரும் புலம்பெயர்வு’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஊரில் கேட்டால் அதுகூட வேண்டாம். ‘பொழைக்கப் போயிருக்காங்க, சித்திரைக்கு வந்துருவாங்க’ என்பார்கள்.