ஊட்டியின் பழைய கட்டடங்களும் அகச்சிவப்புக் கணப்பும்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே குதிரைப் பந்தய மைதானத்துப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். காற்று பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை, புல் மட்டும் எப்படிப் போனது? மேகமில்லாத இரவில் புல் தன் வெப்பத்தைக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வானத்திலிருந்து திரும்பி வருவதோ குறைவு. வரவைவிடச் செலவு கூடியதால் சுற்றியுள்ள காற்றைவிடப் புல் அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. மரத்தடியில் உறைபனி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளை மிலாறு என்னும் இலைக்குச்சிகளைப் போட்டு மூடிவைப்பதும் இதற்காகத்தான். செடிக்கும் வானத்துக்கும் நடுவே, வானத்தைவிட வெதுவெதுப்பான இலைகள் வந்துவிடுகின்றன.

பழைய கல் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் நடப்பது இதேதான். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட். நம் ஆடையின் மேற்பரப்பு 25 டிகிரி, எதிரே உள்ள சுவர் 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் கதிர்வீச்சாக மட்டும் சுமார் 80 வாட்டைச் சுவரிடம் இழக்கிறது. அறைக் காற்று சுமாரான வெப்பத்தில் இருந்தாலும் முதுகு சில்லிடுவது இதனால்தான். குளிர் உணர்வில் காற்றின் வெப்பநிலைக்குப் பாதிப் பங்கு என்றால், நம்மைச் சூழ்ந்த சுவர், தரை, கூரை ஆகியவற்றின் வெப்பநிலைக்கு மறுபாதிப் பங்கு உண்டு. கட்டடப் பொறியாளர்கள் இரண்டின் சராசரியை வைத்துத்தான் வசதியைக் கணக்கிடுகிறார்கள்.

அந்த மறுபாதியைக் கையாளுவதுதான் அகச்சிவப்பு ஹீட்டர். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் பிரித்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் கூடியது. அந்தக் கதிர்கள்தான் இவை. வெப்பமுள்ள எல்லாப் பொருளும் இவற்றை வெளியிடும். பொருளின் சூடு ஏற ஏற அலைநீளம் குறையும், வெளிவரும் ஆற்றலோ மளமளவென்று கூடும். தனி வெப்பநிலை (கெல்வின் அளவில்) இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்காகும்.

கடைகளில் கிடைக்கும் ராடு ஹீட்டரும் அகச்சிவப்பு ஹீட்டர்தான். கம்பி செக்கச் செவேலென்று பழுக்கும், பின்னால் பளபளக்கும் தகடு கதிரை முன்பக்கம் திருப்பும். முகம் எரியும், முதுகு குளிரும். இன்னொரு வகை, ஒளிராத தட்டைப் பேனல். 80 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் பேனல், 12 டிகிரி அறையில் சுமார் 450 வாட்டைக் கதிராக வீசும். அதன் அலைநீளம் 8 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். இந்த நீளத்தில் தோல், கம்பளி, மரம், வெள்ளையடித்த காரை எல்லாமே கதிரை ஏறக்குறைய முழுதாக விழுங்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் சுவரும் அகச்சிவப்புக்குக் கறுப்புதான். இடையில் உள்ள காற்று மட்டும் ஏறக்குறைய ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் கதிரை விட்டுவிடும்.

பழைய கட்டடங்களுக்கு இந்தக் கடைசிக் குணம்தான் பெரிய வரம். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் சென்னை மாகாண கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார், 1830-ல் பிரதிஷ்டை நடந்தது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. இப்படிப்பட்ட ஆலயத்தில் சூடான காற்றை ஊதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். காற்று முதலில் கூரைக்குப் போகும். கீழே பெஞ்சில் இருப்பவருக்குக் கால் விறைத்திருக்கும்போதே, அந்த மரங்களுக்கு வெயில் காலம் வந்துவிடும். 10 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 42 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். மரத்தின் மேல்தோல் சட்டென்று உலர்ந்து சுருங்கப் பார்க்கும், உள்மரம் விடாது, வெடிப்பு விழும். ஆராதனை முடிந்து ஹீட்டரை அணைத்தால் திரும்ப ஈரம் ஏறும். வாராவாரம் இப்படி நடந்தால் எந்தத் தேக்கும் எத்தனை வருடம் தாங்கும்? இதற்கு நடுவே, கூட்டத்தின் மூச்சுக் காற்றில் உள்ள நீராவி சூடான காற்றோடு போய்க் குளிர்ந்த சுவரில் வியர்க்கும். பூஞ்சைக்கு அது போதும்.

இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ரோக்கா பியத்தோரே என்ற ஊரின் தேவாலயத்தில், ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றில் டாரியோ கமூஃபோ என்ற இத்தாலிய ஆய்வாளரின் குழுவினர் இதற்கு ஒரு வழியைச் சோதித்தார்கள். குறைந்த சூட்டில் இயங்கும் வெப்பத் தகடுகளைப் பெஞ்சுகளிலேயே பொருத்தினார்கள். கதகதப்பு உட்கார்ந்திருப்பவரைச் சுற்றியே நின்றது, சுவரும் ஓவியமும் தங்கள் குளிரிலேயே இருந்தன. வழிபாட்டுத் தலங்களைச் சூடாக்குவதற்கென்றே 2011-ல் ஐரோப்பியத் தர நெறிமுறை ஒன்றும் வந்தது.

நீலகிரியில் இதற்கு எனக்கு முதலில் தோன்றும் இடம் நீலகிரி நூலகம். 1860களில் எழுந்த, ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கட்டடம் அது. தோல் அட்டைப் புத்தகங்களும் மரத்தைப் போலவே ஈரத்துக்கு விரிந்து சுருங்கும். வாசிப்பு மேசையின் அடிப்பலகையில் ஒரு பேனல், அதற்கும் பலகைக்கும் நடுவே அலுமினியத் தாள். கால்களும் மடியும் கதகதப்பாக இருந்தால் ஸ்வெட்டரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கலாம். அலமாரிகளுக்கு எதுவும் தெரியவே தெரியாது.

விற்பனையாளர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அகச்சிவப்பு ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து மற்ற ஹீட்டரைவிட அதிக வெப்பம் தராது, தரவும் முடியாது. ஆள் இருக்கும் இடத்தை, இருக்கும் நேரத்தில் மட்டும் சூடாக்குவதால்தான் மிச்சம். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் திறக்கும் ஆலயத்துக்கு இது பொருந்தும். நாள் முழுக்க ஆள் நடமாடும் அலுவலகத்துக்கு, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து, ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரக்கூடிய ஹீட் பம்ப்பை முதலில் பார்ப்பதே நல்லது. கதவிடுக்கில் காற்று அடித்தால் கதிர் தருவதைக் காற்று பறித்துக்கொள்ளும், அதையும் முதலில் அடைக்க வேண்டும்.

கேஸில் எரியும் அகச்சிவப்பு ஹீட்டர்களைப் பாரம்பரியக் கட்டடத்துக்குள் விடவே கூடாது என்பேன். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் ஆவியாக வெளிவரும், அது குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். கரி அடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கி, கார்பன் மோனாக்சைடால் உயிரிழந்தவர்களின் செய்தி இந்த மலைகளிலிருந்து வந்திருக்கிறது.

மின் பேனலிலும் கவனம் தேவை. ஆளுக்கு 100 வாட் பேனல் என்றால் 100 பேருக்கு 10 கிலோவாட். பழைய வயரிங் அதைத் தாங்காது. மூன்று ஃபேஸ் இணைப்பு, மின்பளு கூடினால் துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தில் தானே அணையும் ஆர்சிசிபி, நேரம் முடிந்தால் நிற்கும் டைமர் எல்லாம் வேண்டும். உயரத்தில் ஒளிரும் விளக்குபோன்ற ஹீட்டர்களைத் தொங்கவிட்டால் தலை சுடும், அருகிலுள்ள பாலிஷ் மரமும் சுடும். தாழ்வான, தொட்டால் கை பொறுக்கும் சூட்டிலுள்ள தகடே மேல். வயரைச் சுவரில் கொண்டுபோகும்போது ஆணியைக் கல்லிலோ உத்திரத்திலோ அடிக்காமல் கல்லிடுக்குச் சுண்ணாம்புக் காரையில் அடிக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கழற்றினாலும் கொஞ்சம் காரையைப் பூசி மூடிவிடலாம்.