பழைய கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காரா, புது மாடலா? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ குனிஞ்சு பாருங்க

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறவங்களுக்கு வண்டியை முன்கூட்டியே செக் பண்ணிச் சொல்றது என் வேலை. அதுல அடிக்கடி வர்ற கேள்வி இது, ஒரே பட்ஜெட்ல ஒரு பழைய கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காரும் கிடைக்குது, நாலஞ்சு வருஷம் ஓடின புது மாடலும் கிடைக்குது, எதை எடுக்கட்டும்னு. முக்காவாசி பேர் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுதான் வர்றாங்க, என் வாயால ஒரு தடவை சரின்னு கேட்டா போதும் அவங்களுக்கு. ஆனா வண்டியைப் பத்தி அவங்க சொல்றது எல்லாமே இன்ஜின் சத்தம், பெயின்ட் பளபளப்பு, மீட்டர்ல ஓடியிருக்குற கிலோமீட்டர், இவ்வளவுதான். நான் பாத்த வரைக்கும் வாங்கினவங்களை அழ வைக்கிறது இது எதுவும் இல்ல, வேற.

முதல்ல எந்த மெக்கானிக்காலயும் முழுசா சரிபண்ண முடியாத வித்தியாசத்தைச் சொல்லிடுறேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. 1961ல ஜாகுவார் இ-டைப் வந்தப்போ மணிக்கு 240 கிலோமீட்டர் போகும்னுதான் பேச்சு, ஆனா அந்த வேகத்துல போற வண்டியில ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, ஆரம்பத்துல வந்ததுல சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் கூட இல்ல. மூணு பாயின்ட் சீட் பெல்ட்டை வால்வோ 1959லயே கொண்டு வந்துட்டாங்க, மத்த கம்பெனிங்க எல்லாரும் அதைப் போட்டு முடிக்க ரொம்ப வருஷம் ஆச்சு. வண்டி சறுக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியா பிரேக் பிடிச்சு நேராக்குற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கே, அது அமெரிக்காவுல 2012 மாடல்ல இருந்துதான் கட்டாயம், ஐரோப்பாவுல 2014 கடைசியில இருந்துதான் எல்லா புது கார்லயும் கட்டாயம். அதுக்கு முந்தின வண்டின்னா அது இருக்கான்னு நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

பழைய போர்ஷே 911 ஓட்டினவங்களுக்கு நான் சொல்றது புரியும். இன்ஜின் பின் வீலுக்கும் பின்னாடி தொங்குது, வளைவுல வேகமா நுழைஞ்சுட்டு பயத்துல ஆக்சிலரேட்டரை டக்குன்னு விட்டீங்கன்னா பின்பக்கம் வீசிட்டு வெளிய போகும். புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் பயந்தா செய்யுற முதல் வேலையே அந்தக் காலை எடுக்குறதுதான். இப்ப வர்ற 911லயும் இன்ஜின் பின்னாடிதான், ஆனா சஸ்பென்ஷன், டயர், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் சேந்து உங்க தப்பை நிறைய மன்னிச்சிடுது. அதனால வண்டியை யார் ஓட்டப் போறா, மழையில ஓட்டுவீங்களா, பக்கத்து சீட்ல குழந்தையை உக்கார வைப்பீங்களான்னு நான் முதல்லயே கேட்டுடுவேன். தினமும் ஓட்ட, வீட்டுக்கு ஒரே வண்டி இதுதான்னு சொன்னா என் பதில் புது மாடல்தான், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

சரி, வீட்ல ஏற்கனவே ஒரு வண்டி இருக்கு, இது ஆசைக்காகன்னு வச்சுக்குவோம். அப்போ பழசுல எங்க பாக்கணும்? எல்லாரும் பானெட்டைத் திறக்குறாங்க. நீங்க கீழ குனியுங்க.

ஒருத்தர் ஒரு சிவப்பு எம்ஜிபி பாக்க என்னைக் கூட்டிட்டுப் போனார், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மேல் கூரை திறக்குற மாடல். சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆச்சு, ஐடிலிங் சீரா நிக்குது, குரோம்ல முகம் தெரியுது, இவருக்கு அங்கயே கை பரபரக்குது. நான் மண்டி போட்டு, கதவுக்குக் கீழ முன் வீல்ல இருந்து பின் வீல் வரைக்கும் ஓடுமே அந்த நீளத் தகடு, சில்னு சொல்லுவோம், அதை விரல் முட்டியால தட்டிக்கிட்டே போனேன். முன்னாடி டங் டங்னு வந்த சத்தம் பின் வீல்கிட்ட போகப் போக தொப் தொப்னு ஆயிடுச்சு. துணி சுத்தின காந்தத்தை அங்க வச்சா நிக்கவே இல்ல, வழுக்கிட்டு விழுந்துச்சு. உள்ள தகடே இல்ல, வெறும் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசுற பசை. அப்புறம் ஜாக்கி வச்சு அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினோம், கதவு இடைவெளி மாறி, மூடினா இடிக்குது. வித்தவர் முகத்தை நான் பாக்கல, பாக்க வேண்டிய அவசியமும் இல்ல.

1962ல இருந்து 1980 வரைக்கும் வந்த எம்ஜிபிக்கு தனியா சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ், அதுலயும் கூரை இல்லாத வண்டியில பாரத்தைப் பெரும்பாலும் தாங்குறது இந்த சில்தான். அது போச்சுன்னா வண்டி நடுவுல தொங்க ஆரம்பிக்கும். அதை முறையா சரிபண்ணணும்னா துரு பிடிச்சதை வெட்டி எடுக்கணும், வெட்டுறதுக்கு முன்னாடி பாடி முறுக்கிக்காம இருக்க குறுக்குக் கம்பி வச்சுத் தாங்கணும், புதுத் தகட்டை வெல்ட் பண்ணணும், அப்புறம் பெயின்ட். இன்ஜினை முழுசா இறக்கிப் புதுசாக்குறதை விட இதுக்கு செலவு கூட ஆகுறது நான் சாதாரணமா பாக்குற விஷயம். 1969ல வந்த டாட்சன் 240இசட்டும் அப்படித்தான், இன்ஜின் கல்லு மாதிரி நிக்கும், தகடு கரைஞ்சு போயிருக்கும். அதனாலதான் சொல்றேன், சுமாரான இன்ஜினும் நல்ல பாடியும் இருக்குற வண்டியை தைரியமா எடுக்கலாம், அருமையான இன்ஜினும் பூசி மெழுகின பாடியும் இருந்தா விட்டுட்டு வந்துடுங்க.

பெயின்ட் கனம் அளக்குற மீட்டர் ஒண்ணு இருக்கு, கடன் வாங்கியாவது எடுத்துட்டுப் போங்க. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80ல இருந்து 180 மைக்ரானுக்குள்ள காட்டும், ஒரு இடத்துல மட்டும் 1000 தாண்டுதுன்னா அங்க பட்டி இருக்கு. அப்படியே சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் பேப்பரோட ஒத்துப் பாருங்க, அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது.

அடுத்தது இந்த கிலோமீட்டர் பைத்தியம். ரொம்பக் கம்மியா ஓடின வண்டி சார், வருஷத்துல ரெண்டு தடவைதான் வெளிய எடுப்பேன்னு பெருமையா சொல்லுவாங்க. எனக்கு அதைக் கேட்டா கவலைதான் வரும். நிக்குற வண்டியில சீல் எல்லாம் காஞ்சு சுருங்குது, டேங்க்ல பெட்ரோல் பிசின் மாதிரி ஆயிடுது, பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்குது, அதான் அதை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க, வண்டி ஓடினாலும் சரி ஓடலைன்னாலும் சரி. இன்ஜின் வால்வுகளை சரியான நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டும் வருஷக் கணக்குதான், ரப்பருக்கு மீட்டர் தெரியாது. 1994ல வந்த ஃபெராரி எஃப்355ல அந்த பெல்ட்டை மாத்தவே இன்ஜினைக் கீழ இறக்கணும், அதனால கடைசியா எப்போ மாத்தினீங்க, பில் எங்கன்னு கேக்காம அந்த வண்டிக்கு விலையே பேசாதீங்க. டயர்ல பட்டன் நிறைய இருக்கேன்னு ஏமாறக் கூடாது, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 3512ன்னு இருந்தா 2012ம் வருஷம் 35வது வாரம் செஞ்ச டயர், அது எவ்ளோ புதுசா தெரிஞ்சாலும் மாத்திட்டுத்தான் ரோட்ல இறக்கணும்.

பெட்ரோல் விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல, இதை கவனமா படிங்க. இப்ப பல நாடுகள்ல பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்து வருது. பழைய வண்டி ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் உள்ள இருக்குற டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலை நினைச்சு செஞ்சதே இல்ல, மெதுவா இளகி வெடிப்பு விடும். சூடா இருக்குற இன்ஜின் மேல பெட்ரோல் ஒழுகினா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. எத்தனால் தாங்குற புது ஹோஸ் போட்டாச்சான்னு பாருங்க, இல்லன்னா வாங்கின உடனே செய்யற முதல் வேலை அதுவா இருக்கட்டும். வண்டியில ஒரு தீயணைப்பான் சிலிண்டரும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்.

இதெல்லாம் கேட்டுட்டு அப்போ புது மாடலே நிம்மதின்னு கண்ணை மூடிட்டு வாங்குறவங்களும் மாட்டிக்கிறாங்க. அங்க பிரச்சினை வேற இடத்துல ஒளிஞ்சிருக்கும். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டா எரர் ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்குன்னு காட்டுவாங்க, ஆனா அதே ஸ்கேனர்ல வண்டி தன்னோட சுய பரிசோதனையை முடிச்சிருக்கான்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல பாதி முடியலன்னு வந்தா நீங்க வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி கழட்டி மாட்டினாலும் அப்படி வரும், அதனால சண்டை போடாம, நல்லா ஓட்டிட்டு இன்னொரு நாள் ஸ்கேன் பண்ணுங்க. புது போர்ஷேங்கள்ல இன்ஜினை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தா அதோட கணக்கு கம்ப்யூட்டர்லயே பதிவாகியிருக்கும், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கலாம்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வியாதி இருக்கும், அதை முன்னாடியே தெரிஞ்சுட்டுப் போங்க. 911 காத்துல குளிர்ற இன்ஜினை 1998ல நிறுத்திட்டாங்க, அதுக்கு அடுத்து வந்த 911 தலைமுறையான 996ல ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு, இன்ஜினுக்குள்ள சுத்துற ஒரு தண்டைத் தாங்குறது, அது போச்சுன்னா பெரும்பாலும் இன்ஜினே போச்சு, ஆனா அதே தலைமுறை டர்போ, ஜிடி3 ரெண்டுலயும் வேற இன்ஜின், இந்தக் கவலை இல்ல. பிஎம்டபிள்யூ இ46 எம்3ல பின்பக்க சப்ஃபிரேம், அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்குற சட்டம், அதை மாட்டுற தகடு விரிசல் விடும், ராம்ப்ல ஏத்தி டார்ச் அடிச்சாத்தான் தெரியும். அப்புறம் டக்காட்டாங்குற கம்பெனி செஞ்ச ஏர்பேக்குக்கு வந்த ரீகால், அதாவது கார் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு சரிபண்றது, வெப்பமும் ஈரமும் சேந்து உள்ள இருக்குற மருந்து கெட்டுப் போய், வெடிக்கும்போது இரும்புத் துண்டு முகத்துக்கு வர்ற பிரச்சினை, பல கம்பெனி கார்ல இருந்துச்சு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் வேலை முடிஞ்சுதான்னு கம்பெனிகிட்டயே கேளுங்க, காசு வாங்காமத்தான் மாத்திக் கொடுக்குறாங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, எனக்கு மனசுக்குப் பிடிச்சதும் அதுதான். 1989ல வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன் கூட இல்ல, பழைய வண்டி ஓட்டுற சுகம் அப்படியே இருக்கு, ஆனா ஃபியூயல் இன்ஜெக்ஷன், காலையில சாவியைத் திருப்பினா கிளம்பும், பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்ல. இதுலயும் துரு உண்டு, கூரைத் துணியில இறங்குற தண்ணி வெளிய போற சின்ன ஓட்டை அடைச்சுக்கும், தண்ணி சில்லுக்குள்ள தேங்கி பின் வீல்கிட்ட அரிச்சிடும், அந்த ஓட்டையில கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க, கீழ வழியா வரணும்.

பழசுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஈரம் இல்லாத மூடின இடம் இருக்கா, கார்புரேட்டரை டியூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்காரா, இந்த ரெண்டும் இல்லாம வாங்காதீங்க, யானையை வாங்கிட்டு தீனிக்கு அலையற கதை ஆயிடும். கையில இருக்குற காசு மொத்தத்தையும் வண்டி விலையிலயே கொட்டாம, முதல் வருஷ ரிப்பேருக்குன்னு நல்லாவே ஒரு பங்கை ஒதுக்கி வைங்க.

வண்டியைப் பாக்கப் போறப்போ, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க. போனதும் முதல்ல இன்ஜின் மேல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா காலையில ஸ்டார்ட் பண்றப்போ வர்ற நீலப் புகையோ, செயின் சத்தமோ உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சூடாக்கி வச்சிருக்கலாம், ஆறினதுக்கு அப்புறம் வர்றேன்னு சொல்லுங்க. ராம்ப்ல ஏத்த ஒத்துக்க மாட்டேன்னு சொல்றவங்ககிட்ட மேற்கொண்டு பேசவே வேணாம். கிளாசிக் வண்டின்னா இன்ஷூரன்ஸ்ல மதிப்பு எவ்வளவுன்னு ரெண்டு பேரும் முன்கூட்டியே ஒத்துக்குற பாலிசி கிடைக்குதான்னு கேளுங்க, கிடைக்கலன்னா விபத்து ஆனப்புறம் சாதாரண பழைய காருக்குப் போடுற தேய்மானக் கணக்கைத்தான் உங்க வண்டிக்கும் போடுவாங்க, அதனால இந்த விசாரணையை அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.