மஸ்டாங் இன்ஜின் எப்படி சூப்பர்கார் இன்ஜினா மாறுது?

சூப்பர்கார் இன்ஜின்னா எல்லாமே புதுசா பண்ணிருப்பாங்கன்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பல வண்டில அது ஏற்கெனவே ரோட்ல ஓடிட்டு இருந்த இன்ஜினோட வாரிசு தான். 1999-ல வந்த இத்தாலி சூப்பர்கார் பகானி ஸோண்டால இருந்தது மெர்சிடிஸ் எஸ் கிளாஸோட 6 லிட்டர் வி12, அதாவது 12 சிலிண்டர் இன்ஜின். எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்வீடன் சூப்பர்கார் கம்பெனி கோனிக்செக். 1996 மஸ்டாங் கோப்ராவுல 305 குதிரைசக்தி குடுத்த ஃபோர்டு 4.6 லிட்டர் வி8 குடும்பத்த அடிப்படையா எடுத்து, 4.7 லிட்டராக்கி, சூப்பர்சார்ஜர் மாட்டி, 2002-ல சிசி8எஸ்ல 655 எடுத்தாங்க!

பவர் வேணும்னா காத்து வேணும், பெட்ரோல் எவ்வளவு வேணா அடிக்கலாம் ஆனா அது எரியுறதுக்கு காத்து உள்ள போகணும்ல, அதான் சூப்பர்சார்ஜரோ டர்போவோ வச்சு அமுக்கி உள்ள தள்றாங்க. சிலிண்டரையே கடைஞ்சு பெருசாக்கலாமேன்னா (ரீபோர்) இடம் இல்ல. அந்த ஃபோர்டு பிளாக்ல சிலிண்டர் மையத்துக்கு மையம் 100 மிமீ, போர், அதாவது சிலிண்டரோட உள் விட்டம், 90.2, அப்போ நடுவுல மிஞ்சுறது 10 மிமீ கூட இல்ல, அதுல தான் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் கசியாம சீல் ஆகணும். அதனால பின்னாடி வந்த 5 லிட்டர் கோனிக்செக் இன்ஜின்லயும் போர் 92 தான், பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரமான ஸ்ட்ரோக்கை தான் 90-லேர்ந்து 95.25 ஆக்கிட்டாங்க.

நெஜமான வேலையே இதுக்கப்புறம் தான் இருக்கு. பிஸ்டன் ஒவ்வொரு தடவ மேல போயி நின்னு திரும்பும்போதும், அதை கிராங்க்ஷாஃப்ட்டோட இணைக்கிற கனெக்டிங் ராடை இழுக்குது, அந்த இழுவை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். 6000-லேர்ந்து 8500-க்கு போனாலே ரெண்டு மடங்கு. திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ரீபோர் பட்டறைல உடைஞ்ச ராடு ஒண்ணு கையில வாங்கி பாத்தேன், உடைஞ்ச இடம் பாதி வழவழன்னு மெல்லிசா வளைவு வளைவா கோடு போட்டு இருந்துச்சு, மீதி பாதி கற்கண்ட உடைச்ச மாதிரி சொரசொரன்னு. "தம்பி, இது ஒரே நாள்ல உடையல, ரொம்ப நாளா விரிசல் விட்டிருக்கு"ன்னாரு மேஸ்திரி. கரெக்ட் தான், வழவழன்னு இருக்கிறது விரிசல் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்த பாதை, சொரசொரப்பு கடைசியா பட்டுன்னு போன இடம். விரிசல் பெரும்பாலும் மேல இருக்கிற சின்ன கீறல்லேர்ந்து தான் ஆரம்பிக்கும், அதனால தான் பெரிய பவர் எடுக்கிறவங்க ராடை ஃபோர்ஜிங்ல (உலோகத்த அழுத்தி அடிச்சு உருவாக்குற முறை) செஞ்சு, மேல்புறத்துல குட்டி குட்டி இரும்பு குண்டால அடிச்சு இறுக்குறாங்க.

ஆயிலும் முக்கியம். வேகமா வளைவுல திரும்பினா சம்ப்ல, அதாவது இன்ஜின் அடில இருக்கிற ஆயில் தட்டுல, இருக்கிற ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும், பம்ப் காத்த உறிஞ்சும், பேரிங் காலி. அதான் ஆயில அடித்தட்டுல தேக்காம தனி டேங்க்ல வைக்கிற டிரை சம்ப்.

நம்ம ஊருக்கு பக்கத்து விஷயம் ஒண்ணு. நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைக்கு போற கரும்பு இருக்குல்ல, சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற மொலாசஸ்லேர்ந்து எத்தனால் எடுக்கலாம். கோனிக்செக் சிசிஎக்ஸ் பெட்ரோல்ல 806 குதிரைசக்தி குடுத்துச்சு, 2007-ல அதையே 85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளுக்கு மாத்தின சிசிஎக்ஸ்ஆர் 1018! எத்தனால் ஆவியாகும்போது நிறைய சூட்ட இழுத்துக்கும், நாக்கிங், அதாவது எரிபொருள் நேரம் தப்பி தானா வெடிக்கிறது, சீக்கிரத்துல வராது, அதனால காத்த இன்னும் அழுத்தலாம். ஆனா லிட்டருக்கு சக்தி கம்மி, பெட்ரோலை விட கூட ஊத்தணும், இன்ஜெக்டர், பியூவல் பம்ப் ரெண்டும் அதுக்கு தாங்கணும்.