நிக்கலுக்குப் பனியன் வேஸ்ட் எமன்

மூன்றாவது முறையும் வெல்டு கிராக் விட்டுவிட்டது என்று போன் வந்தபோது இரவு எட்டு மணி. கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட்டை ஒட்டிய சின்னப் பட்டறை. உலைக்குள் வைத்துச் சூடாக்கும் ரிட்டார்ட் என்ற உலோகக் கலன் ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. இன்கோனல் 600 என்ற நிக்கல் கலவை உலோகம், எட்டு மில்லிமீட்டர் கனம்.

"சார், ராடு சரியானதுதான். ஆம்பியரும் குறைச்சுத்தான் வச்சேன். டார்ச்சை எடுக்கிறதுக்குள்ள பக்கத்துலயே டிக்குனு வெடிக்குது" என்றார் வெல்டர் அண்ணன். முப்பது வருடக் கை அது. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

காலையில் போய்ப் பார்த்தேன். வெல்டுக்கு இருபுறமும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பளபளப்பு வந்திருந்தது, ஆனால் பள்ளங்களில் கறுப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் லேத்துக்குப் பயன்படுத்திய பனியன் வேஸ்ட், கட்டிங் ஆயில் சொட்டச் சொட்டக் கிடந்தது. வெல்டு போடும் முன் அதைக் கொண்டுதான் துடைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு அந்த ரிட்டார்ட் பல வருடம் ஃபர்னஸ் ஆயில் புகையில் வெந்தது.

கறுப்பு, ஆயில், புகை, எல்லாவற்றிலும் கந்தகம். நிக்கல் உருக 1455 டிகிரி வேண்டும். அதோடு கந்தகம் சேர்ந்தால், சுமார் 640 டிகிரியிலேயே உருகிவிடும் ஒரு கலவை உண்டாகிறது. உலோகம் என்பது நெல்மணி அடுக்கியதுபோலச் சின்னச் சின்ன மணிகளால் ஆனது. அந்த மணிகளின் இடுக்குகளில் இந்தக் கலவை மெல்லிய படலமாக ஊடுருவும். வெல்டு ஆறிச் சுருங்கும்போது மற்றதெல்லாம் கெட்டியாகிவிட, இந்தப் படலம் மட்டும் திரவமாக நிற்கும். இழுவை தாங்காமல் அந்த இடத்தில் பிளந்துவிடும். மைல்ட் ஸ்டீலில் இரும்போடு இருக்கும் மாங்கனீசு கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நம் பட்டறைகளில் அழுக்குத் துணியால் துடைத்தும் பெரிய சேதம் வந்ததில்லை. அந்தப் பழக்கம்தான் நிக்கலில் கையைக் கடிக்கிறது.

இந்த உலோகம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அந்தத் துணியைத் தொடவே மனம் வராது. ஜெட் எஞ்சினிலும் கேஸ் டர்பைனிலும் போகும், கடும் சூடு தாங்கும் நிக்கல் கலவைகளான சூப்பர்அலாய்களை முதலில் வெற்றிடத் தூண்டல் உலையில் உருக்குகிறார்கள். அலுமினியமும் டைட்டானியமும் காற்றுப் பட்டால் ஆக்சைடாகிவிடும் என்பதால் காற்றே இருக்கக் கூடாது. ஈயம், பிஸ்மத் போன்ற எதிரிகள் அந்த வெற்றிடத்தில் ஆவியாகி வெளியேறும். பிஸ்மத்துக்கு எஞ்சின் தரங்கள் அனுமதிப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகு அந்தக் கட்டியையே மின்முனையாக்கி, கால்சியம் ஃப்ளூரைடு கலந்த கசடுக் குளத்தில் சொட்டுச் சொட்டாக மறுபடி உருக்குவதும் உண்டு. கசடு கந்தகத்தை இழுத்துக்கொள்ளும். இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் மிதானி நிறுவனம் ஹைதராபாத்தில் 1973-இல் தொடங்கப்பட்டது.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? நல்ல டர்பைன் பிளேடில் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த கட்டங்கள் அரை மைக்ரான் அளவில் செங்கல் அடுக்கியதுபோல் நிறைந்திருக்கும். கன அளவில் பாதிக்கு மேல் அவைதான். சூடு ஏற ஏற மற்ற உலோகம் தளரும். இந்தக் கட்டங்களோ ஏறக்குறைய 700, 800 டிகிரி வரை இன்னும் இறுகும். எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது. மணி இடுக்குகள்தான் பலவீனம் என்பதால், பிளேடு முழுவதையும் இடுக்கே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். அச்சின் அடியில் பன்றிவால் போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கும். வளர்ந்து வரும் பல படிகங்களில் ஒன்றை மட்டும் மேலே விடும்.

1980-களின் ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் காட்டின. உலோகத்தின் மேல் தானாக உருவாகும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம்தான் அதற்குக் கவசம். உள்ளே ஒளிந்திருக்கும் கந்தகம் சூட்டில் மேலே நகர்ந்து, கவசத்தின் ஒட்டுதலைக் கெடுத்துவிடும். பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே போதும். அதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்ததும் படலம் உரியாமல் நின்றது.

நம் ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் வீசும் காற்றிலேயே உப்பு. அந்த உப்பு எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்தால் சோடியம் சல்பேட். 884 டிகிரியில் உருகிக் கவசப் படலத்தைக் கரைக்கும். யார்டில் வெட்டவெளியில் கிடந்த நிக்கல் குழாயை நல்ல தண்ணீரில் கழுவாமல் உலைக்குள் ஏற்றாதீர்கள். வளைப்பதற்கு டீசல் பர்னரில் காட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

அந்த ரிட்டார்டுக்கு வருகிறேன். கிராக்கின் இருபுறமும் ஒரு இன்ச் அகலத்துக்குக் கறுப்பு போய்ப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை புது டிஸ்க்கில் கிரைண்ட் செய்யச் சொன்னேன். பள்ளம் ஆழமாகப் போனது. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. முன்பு விரிசலைக் கண்டுபிடிக்கச் செய்த டை பெனட்ரன்ட் சோதனையின் சிவப்பு மையும் உள்ளே தங்கியிருந்தது, அதுவும் கந்தகம் குறைந்த வகை இல்லை. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறை ஒட்டாமல் வரும்வரை துடைத்தோம். ஆறு துணி ஆனது. மார்க்கர் கோடுகளையும் அழித்தோம்.

வெல்டு ஓடியது. டிக் சத்தம் வரவில்லை. ஆறியதும் அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு பெயின்ட் டப்பாவில் புது ஸ்டெயின்லெஸ் பிரஷ், டிஸ்க், வெள்ளைத் துணி எல்லாவற்றையும் போட்டு மூடினார். மூடியில் "நிக்கலுக்கு மட்டும்" என்று எழுதி, லேத்திலிருந்து தள்ளி ஆணியடித்து மாட்டினார்.