கவுன்டி ஜெயில் பட்டியலில் நம் ஆள் பெயர் வரவில்லை என்றால்

டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் படிக்கும் ஒரு பையனை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கூட இருந்த பையன்கள் நாலு பேரும் விடிய விடிய லேப்டாப்பில் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயில் தளத்தில் அவன் பெயரைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பதிவு எதுவும் இல்லை என்றுதான் வந்தது. ஒருவன் பயத்தில் ஏதோ ஒரு 'கைது விவரம் தேடித் தரும்' தளத்துக்கு கார்டு நம்பரைக் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டான். காலையில் எனக்குப் போன் வந்ததும் அவனுடைய விசா படத்தை அனுப்பச் சொன்னேன், பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. அதனால் விசாவில் அவன் பெயர் முழுவதும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகியிருந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஜெயிலிலும் அப்படியே ஏற்றியிருந்தார்கள். நண்பர்கள் தேடியதோ கல்லூரியில் அவன் எழுதும் பெயரை, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்து. அவன் ராத்திரி முழுக்க அந்தப் பட்டியலில்தான் இருந்திருக்கிறான்.

அதற்கப்புறம் இதே மாதிரி மூன்று நாலு குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிடித்தது நகரப் போலீஸாக இருந்தாலும், ஆள் கடைசியில் போய்ச் சேருவது பெரும்பாலும் ஷெரிஃப், அதாவது கவுன்டியின் போலீஸ் தலைவர், நடத்தும் கவுன்டி ஜெயிலுக்கு. அங்கே கைரேகை, போட்டோ எடுத்துப் பதிவு செய்வதைத்தான் புக்கிங் என்கிறார்கள். டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டப்படி கைதானவரின் அடிப்படை விவரத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. பெரிய கவுன்டிகள் ஷெரிஃப் தளத்திலேயே இலவசமாகத் தேட விடுகின்றன.

தேடும்போது முதலில் எந்தக் கவுன்டி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு இருக்கும் கவுன்டியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, பிடித்த இடம்தான் கணக்கு. ஃப்ரிஸ்கோ ஊரின் ஒரு பகுதி காலின் கவுன்டியில், இன்னொரு பகுதி டென்டன் கவுன்டியில். ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊர் மூன்று கவுன்டிகளில் கிடக்கிறது. இர்விங் மாதிரி நகரங்களுக்குச் சொந்த லாக்கப் உண்டு, ஆள் முதலில் அங்கே இருந்துவிட்டுத்தான் கவுன்டிக்கு மாறுவார். அதுவரை கவுன்டி தளத்தில் பெயர் வராது. நேராகக் கவுன்டிக்கே கொண்டுபோனாலும் புக்கிங் முடிந்து பெயர் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும்.

அடுத்தது பெயர். கடைசிப் பெயர் கட்டத்தில் முதல் மூன்று நாலு எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. போடுங்கள். சுப்ரமணியன் என்ற ஒரு பெயரையே நம்மவர்கள் எத்தனை ஸ்பெல்லிங்கில் எழுதுகிறோம், கடைசி எழுத்து 'என்'னா 'எம்'மா என்பதில்கூடத் தேடல் தவறிவிடும். நினைவில் இருப்பதை நம்பாமல் பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு தேடுங்கள். எதிலும் சிக்கவில்லை என்றால் ஜெயிலின் தகவல் நம்பருக்குப் போன் செய்து, பிறந்த தேதியைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். 'அந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று சட்டென்று வைக்கப் பார்ப்பார்கள். பெயர் தலைகீழாக ஏறியிருக்கலாம் என்று நிதானமாக இன்னொரு தடவை சொல்லுங்கள்.

கிடைத்தவுடன் புக்கிங் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஆளை விட்டதும் பல தளங்களில் பெயர் மறைந்துவிடும். பெயில் தொகை காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். டெக்சாஸில் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், தொகை பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகும்.

'விட்டுவிட்டோம்' என்று ஜெயில் சொல்லியும் ஆள் வீடு வந்து சேரவில்லை, போனும் இல்லை என்றால் ஐஸ் என்கிற குடியேற்றத் துறையின் கைதி தேடும் தளத்தைப் பாருங்கள். அங்கே பிறந்த நாட்டையும் குறிப்பிட வேண்டும், பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் காட்டாது. அதோடு, இந்தியர் கைதானால் தூதரகத்துக்குத் தானாகத் தகவல் போகாது. கைதானவர் வாய் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள். ஜெயிலிலிருந்து அவர் போன் செய்யும்போது இதை ஞாபகப்படுத்துங்கள். ஆனால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், தமிழில்கூட வேண்டாம். அந்த அழைப்புகள் பதிவாகின்றன.

பட்டியல் வெளியே தெரிவதால் அதைப் பார்த்தே வீட்டுக்குப் போன் போடும் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். 'ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், உடனே ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் ஆப்பில் பணம் போட்டால் இன்றே விட்டுவிடுவோம்' என்பார்கள். புக்கிங் நம்பரைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். எந்த ஷெரிஃபும் போனில் ஸெல் பணமோ கிஃப்ட் கார்டு நம்பரோ கேட்டு யாரையும் விடுவதில்லை. அப்படி வந்தால் வைத்துவிட்டு, ஜெயிலுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

இனி காகிதங்கள். எல்லோரையும் ஓட விடுவது இங்கேதான். புக்கிங் பதிவு ஷெரிஃபிடம், கைது அறிக்கை பிடித்த நகரப் போலீஸிடம், வழக்கு விவரம் கோர்ட் கிளார்க்கிடம். அதிலும் பொதுவாகச் சின்னக் குற்றம் என்றால் கவுன்டி கிளார்க், பெரிய குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். மூன்று கவுன்டரிலும் 'இங்கே இல்லை' என்பார்களே தவிர, எங்கே இருக்கிறது என்று பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். கிளார்க்கிடம் இல்லை என்றால் அரசு வக்கீல் இன்னும் வழக்கைப் பதியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.

வாயால் கேட்டு அலையாமல் எழுத்தில் கேளுங்கள். தர மறுக்க நினைக்கும் அலுவலகம் பொதுவாக 10 வேலை நாளுக்குள் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் முடிவு கேட்க வேண்டும். ஆனால் பொறி உங்கள் பக்கமும் இருக்கிறது. செலவு 40 டாலரைத் தாண்டினால் மதிப்பீடு அனுப்புவார்கள், அதற்கு நீங்கள் 10 வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் மனுவை வாபஸ் வாங்கியதாகவே கணக்கு. ஸ்பாம் ஃபோல்டரைத் தினமும் பாருங்கள்.

புக்கிங் போட்டோ விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி, நியூயார்க் இரண்டிலும் பொதுவாகத் தர மாட்டார்கள். ஜார்ஜியாவில் போலீஸ் தன் தளத்தில் போடக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2022 முதல், வன்முறை சம்பந்தப்படாத கைது என்றால் போலீஸும் ஷெரிஃபும் சமூக வலைத்தளத்தில் போட்டோ போடுவதற்குத் தடை இருக்கிறது, போட்டிருந்தால் கேட்டு 14 நாளுக்குள் எடுக்க வேண்டும். டெக்சாஸில் தாராளமாக வெளியே வரும், வந்ததும் தனியார் தளங்கள் அள்ளிக்கொண்டு போய், எடுக்க வேண்டுமானால் பணம் கட்டு என்பார்கள். கட்டாதீர்கள். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா இரண்டிலும் அப்படிப் பணம் கேட்பதற்குச் சட்டத் தடை இருக்கிறது, டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் நிலைமையைப் பொறுத்துக் கட்டுப்பாடு உண்டு. மக்‌ஷாட்ஸ் டாட் காம் என்ற, கைதானவர்கள் போட்டோவைப் போடும் தளத்தின் உரிமையாளர்கள் என்று சொல்லப்பட்ட நாலு பேர் மீது கலிஃபோர்னியா 2018-இல் மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்குப் போட்டது. ஒரு தளத்துக்குக் கட்டினாலும், அதே போட்டோ வேறொரு தளத்தில் கிடக்கும்.

வழக்கு தள்ளுபடியானால் பதிவை அழிக்க டெக்சாஸில் வழி உண்டு, எக்ஸ்பங்ஷன் என்பார்கள். அழித்தாயிற்று, இனி யாருக்கும் தெரியாது என்று நம்பி விசா படிவத்தில் 'கைதானதே இல்லை' என்று டிக் அடித்துவிடாதீர்கள். விசாவுக்கான டி.எஸ்.160, குடியுரிமைக்கான என்.400 இரண்டும் எப்போதாவது கைதானீர்களா என்றே கேட்கின்றன, உங்கள் கைரேகையோ புக்கிங் அன்றே எஃப்.பி.ஐ.க்குப் போயிருக்கும். தள்ளுபடியானதற்கு ஆதாரம் கேட்கும்போது கிளார்க்கிடம் போனால், அழித்த பதிவுக்கு நகல் தர முடியாது என்பார்கள். அதனால் அழிக்கச் சொல்லி மனுப் போடுவதற்கு முன்பே, குற்றப்பத்திரிகைக்கும் கடைசி உத்தரவுக்கும் முத்திரை வைத்த சான்று நகல் இரண்டு மூன்று செட் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.